ரவுட்டரில் யூஎஸ்பி வட்டு: ஓபன்டபிள்யூஆர்டியில் அது நிலையாக ஓட என்னென்ன வேண்டும்

தயாரிப்பாளர் கொடுத்த ஃபர்ம்வேரில் (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) பென்டிரைவைச் செருகினால் சில நொடிகளில் அது நெட்வொர்க்கில் தெரியும். அதற்குப் பதிலாகப் போடும் திறந்தமூல ஃபர்ம்வேரான ஓபன்டபிள்யூஆர்டிக்கு மாறியபின் அதே பென்டிரைவைச் செருகினால் பல மாடல்களில் எதுவுமே நடக்காது. துளையில் பழுதில்லை. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் 8 அல்லது 16 எம்பிதான். அதில் கர்னல் (சிஸ்டத்தின் மையப்பகுதி), வைஃபை, ஃபயர்வால், அமைப்புப் பக்கம் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் தேவைப்படாத எதையும் ஓபன்டபிள்யூஆர்டி தன் இமேஜில் (ரவுட்டரில் ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பு) சேர்ப்பதில்லை. சேமிப்பு வேண்டுபவர் அதற்கான பேக்கேஜ்களைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். இதே போன்ற மாற்று ஃபர்ம்வேர்களான டிடி-டபிள்யூஆர்டியும் ஃபிரெஷ்டொமேட்டோவும் இதில் வேறு வழியில் போகின்றன. யூஎஸ்பி வசதி உள்ள மாடல்களுக்கான இமேஜில் அந்த ஆதரவு ஏற்கெனவே இருக்கும். அமைப்புப் பக்கத்தில் இயக்கிவிட்டால் போதும். இந்தக் கட்டுரை ஓபன்டபிள்யூஆர்டியை மையமாகக் கொண்டது. ஆனாலும் மின்சாரம், கோப்பு முறைமை, மவுண்ட் (வட்டை ஒரு ஃபோல்டரில் ஏற்றுவது) பற்றிச் சொல்பவை மூன்றுக்கும் பொருந்தும்.

வட்டு செருகப்படுவதற்கும் கணினியில் ஒரு ஃபோல்டராகத் தெரிவதற்கும் நடுவே ஆறு அடுக்குகள் உண்டு. முதலில் மின்சாரம். அடுத்து யூஎஸ்பி கட்டுப்படுத்திக்கான டிரைவர், பிறகு ஸ்டோரேஜ் மாட்யூல், கோப்பு முறைமை, மவுண்ட், கடைசியாகப் பகிர்வு. வேலை செய்யவில்லை என்றதும் பலர் கடைசி அடுக்கான சாம்பா (விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) அமைப்பில்தான் மணிக்கணக்கில் மல்லாடுகிறார்கள். கோளாறோ பெரும்பாலும் மின்சாரத்திலோ மவுண்டிலோ இருக்கும். கீழிருந்து மேலே சோதித்துக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

மின்சாரம்

யூஎஸ்பி 2.0 துளை தரநிலைப்படி 500 மில்லிஆம்பியர் தரும், 3.0 துளை 900 தரும். பென்டிரைவுக்கு இது தாராளம். ஆனால் தட்டு சுழலும் 2.5 அங்குல ஹார்டுடிஸ்க், சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் ஒரு ஆம்பியரை நெருங்கிக் கேட்கும். ரவுட்டரின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால் மொத்தமே 12 வாட். அதில் வைஃபையும் பிராசஸரும் எடுத்தது போக மிஞ்சுவதுதான் வட்டுக்கு. வைஃபையில் போக்குவரத்து கூடும் நேரத்தில் மின்னழுத்தம் லேசாக இறங்கும். அந்தக் கணத்தில் வட்டு அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இதன் அடையாளம் கர்னல் பதிவில் தெளிவாக இருக்கும். ரவுட்டரின் கட்டளை வரிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய், அந்தப் பதிவைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையைக் கொடுத்தால், "ரீசெட் ஹை-ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ்" என்ற வரி திரும்பத் திரும்ப வரும். சாதனத்தின் விவரத்தைப் படிக்க முடியவில்லை என்று எரர் -71 அல்லது எரர் -110 வந்தாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தையும் கேபிளையும்தான். எண் 71 நெறிமுறைப் பிழை. 110 காத்திருந்து பதில் வராமல் போனது. மென்பொருள் அமைப்பு எதை மாற்றினாலும் இது போகாது. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பையோ, தனக்கென மின் இணைப்பு உள்ள வட்டுப் பெட்டியையோ நடுவில் வைத்தால்தான் தீரும். ஹப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில மலிவான ஹப்கள் தம் மின்சாரத்தை ரவுட்டரின் துளைக்கே திருப்பி அனுப்பும். ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் விளக்குகள் மங்கலாக எரிந்தால் அந்த ஹப்பைப் பயன்படுத்தாதீர்கள்.

பேக்கேஜ்கள்

முதலில் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். 24.10 வரையிலான வெளியீடுகளில் இதற்கான கருவி ஓபிகேஜி; அதற்குப் பிந்தையவற்றில் ஏபிகே. குறைந்தபட்சம் தேவைப்படுபவை: கேமாட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ், துளைக்கு ஏற்ற கேமாட்-யூஎஸ்பி2 அல்லது கேமாட்-யூஎஸ்பி3 (துளை உள்ள பல மாடல்களில் இது இமேஜிலேயே இருக்கும்), கோப்பு முறைமைக்கான கேமாட்-எஃப்எஸ்-எக்ஸ்ட்4, மவுண்டைக் கவனிக்கும் பிளாக்-மவுண்ட், வடிவமைக்கவும் பழுது பார்க்கவும் இ2எஃப்எஸ்புரோக்ஸ். யூஎஸ்பியூட்டில்ஸையும் சேர்த்தால் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கிடைக்கும்.

கேமாட் என்று தொடங்குபவை கர்னல் மாட்யூல்கள். அவை எந்தக் கர்னலுக்காகத் தொகுக்கப்பட்டனவோ அதில் மட்டுமே ஏறும். பதிப்பு எண் ஒத்திருந்தால் மட்டும் போதாது. கர்னலின் அமைப்புத் தேர்வுகளும் ஒத்திருக்க வேண்டும். யாரோ தொகுத்துக் கொடுத்த இமேஜைப் போட்டுவிட்டு, அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்து கேமாட்களை எடுக்க முயன்றால் "கர்னல் பொருந்தவில்லை" என்று நின்றுவிடும். கட்டாயப்படுத்தி நிறுவினாலும் மாட்யூல் ஏறாது. தினசரி மாறும் ஸ்னாப்ஷாட் இமேஜ்களிலும் இதே தொல்லை. நேற்றைய இமேஜுக்கு இன்றைய களஞ்சியம் பொருந்தாமல் போகும். சேமிப்புக்காகப் பயன்படுத்தும் ரவுட்டரில் நிலையான வெளியீட்டையே போடுங்கள்.

8 எம்பி ஃபிளாஷ் உள்ள சாதனத்தில் இவ்வளவையும் நிறுவ இடம் போதாமல் போகலாம். அங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டியின் ஃபர்ம்வேர் செலக்டர் பக்கத்தில் மாடலைத் தேர்ந்து, பேக்கேஜ் பட்டியலில் இவற்றையும் எழுதி, இமேஜையே புதிதாகக் கட்டச் சொல்லலாம். இமேஜுக்குள் போகும் பேக்கேஜ்கள் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற, படிக்க மட்டுமேயான கோப்பு முறைமையில் நன்றாகச் சுருக்கப்படுவதால், பின்னால் நிறுவுவதைவிடக் குறைந்த இடமே பிடிக்கும். இமேஜோடு வந்த பேக்கேஜை நீக்கி இடம் மீட்கலாம் என்று நினைப்பது வீண். அடிப்பகுதி படிக்க மட்டுமேயானது. நீக்கம் என்பது அதன் மேலுள்ள எழுதக்கூடிய அடுக்கான ஓவர்லேயில் ஒரு மறைப்புக் குறியாக மட்டும் பதிவாகும்.

நிறுவியதும் வட்டைச் செருகி மறுபடி டிமெஸ்க் பாருங்கள். புதிய யூஎஸ்பி சாதனம் வந்தது, அது எஸ்டிஏ என்று பெயர் பெற்றது, அதற்குள் எஸ்டிஏ1 பார்ட்டிஷன் இருக்கிறது என மூன்று செய்திகளும் இருந்தால் கீழ் மூன்று அடுக்குகளும் சரி. யூஎஸ்பி சாதனம் வந்தது என்று மட்டும் சொல்லி எஸ்டிஏ வரவில்லையென்றால் ஸ்டோரேஜ் மாட்யூல் இல்லை. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையோடு -டி சேர்த்துக் கொடுத்தால் இணைப்பின் வேகமும் தெரியும். 3.0 வட்டுக்கு 5000எம் என்று வர வேண்டும். 480எம் என்று வந்தால் கேபிள், துளை, மாட்யூல் ஆகிய மூன்றில் ஒன்று 2.0 அளவிலேயே நிற்கிறது.

கோப்பு முறைமை

எப்போதும் ரவுட்டரிலேயே இருக்கப்போகும் வட்டுக்கு எக்ஸ்ட்4-ஐத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) இருப்பதால் திடீரென மின்சாரம் போனாலும் கட்டமைப்பு குலையாமல் மீளும். லினக்ஸ் அனுமதிகளும் குறியீட்டு இணைப்புகளும் இயல்பாக வேலை செய்யும். சரிபார்க்கும் கருவியும் ரவுட்டரிலேயே ஓடும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது, ஜர்னலும் கிடையாது. என்டிஎஃப்எஸ் வட்டை என்டிஎஃப்எஸ்-3ஜி மூலம் ஏற்றினால், அந்த டிரைவர் கர்னலுக்கு வெளியே ஓடுவதால் ரவுட்டரின் சிறிய பிராசஸர் அதிலேயே மூச்சுத் திணறும். 2021-இல் லினக்ஸ் 5.15-இல் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 கர்னலுக்குள்ளேயே ஓடுவதால் அதைவிட வேகமானது. இருந்தாலும் கெட்டுப்போன என்டிஎஃப்எஸ் வட்டை முழுமையாகச் சரிசெய்ய விண்டோஸ் கணினிக்குத்தான் போக வேண்டியிருக்கும். அடிக்கடி கழற்றி வேறு கணினிகளில் செருகும் வட்டுக்கு எக்ஸ்ஃபேட் ஏற்றது, கேமாட்-எஃப்எஸ்-எக்ஸ்ஃபேட் போதும்.

வடிவமைக்கும்போது இரண்டு நுணுக்கங்கள். 2 டிபிக்கு மேற்பட்ட வட்டில் பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடியாக இருக்க வேண்டும். பழைய எம்பிஆர் அட்டவணையால் அதற்கு மேல் எண்ண முடியாது. அடுத்தது, எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கும். 1 டிபி வட்டில் அது சுமார் 50 ஜிபி. தரவு மட்டும் வைக்கும் வட்டுக்கு இந்த ஒதுக்கீடு தேவையில்லை. வடிவமைக்கும்போதே -எம் 0 என்று கொடுக்கலாம். பின்னாலும் ட்யூன்2எஃப்எஸ் கொண்டு மாற்றலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் ஒரு வரம்பைத் தெரிந்துகொள்வது நல்லது. எக்ஸ்ட்4-இல் ஒரு பெயரின் உச்ச அளவு 255 பைட். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். "கோ" என்ற ஓர் எழுத்தே மெய்வடிவும் உயிர்க்குறியுமாக 6 பைட். ஆக ஒரு பெயரில் 85 குறியீடுகள்தான் அடங்கும். என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறியீடுகள் வரை இடமுண்டு. அதனால் அங்கிருந்து நகலெடுக்கும்போது நீளமான தமிழ்ப் பெயர்கள் மட்டும் "பெயர் மிக நீளம்" என்று விடுபட்டுப்போகும். ஃபேட் வட்டில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், கேமாட்-என்எல்எஸ்-யூடிஎஃப்8 நிறுவி, மவுண்ட் விருப்பத்தில் எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்8 ஆக்க வேண்டும்.

மவுண்ட்

எஸ்டிஏ1 என்ற பெயர் வட்டுக்குச் சொந்தமானதல்ல. எந்த வட்டு முதலில் கண்ணில் பட்டதோ அதற்குக் கிடைக்கும் பெயர் அது. இரண்டு வட்டுகள் இருந்தால் அடுத்த முறை ரவுட்டர் எழும்போது பெயர்கள் இடம் மாறலாம். ஒரே வட்டு அறுந்து மீண்டும் ஒட்டினாலும் எஸ்டிபி ஆகிவிடலாம். ஆகவே மவுண்டை எப்போதும் யூயூஐடி (ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உரிய தனி அடையாளம்) வழியாகவே எழுதுங்கள். பிளாக் இன்ஃபோ என்று கொடுத்தால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் யூயூஐடியும் வரும். பிளாக் டிடெக்ட் என்று கொடுத்தால் அமைப்புக் கோப்புக்கு ஏற்ற வடிவத்திலேயே எழுதித் தரும். அதை எஃப்எஸ்டேப் (எது எங்கே ஏற வேண்டும் என்ற பட்டியல்) அமைப்பில் சேர்த்து, ஏற்றும் இடமாக /எம்என்டி/டேட்டா போன்ற ஒன்றைக் கொடுத்து, "எனேபிள்டு" மதிப்பை 1 ஆக்க வேண்டும். அது 0 ஆகவே எழுதப்படும் என்பதால், அதை மாற்ற மறந்து "ஏன் ஏறவில்லை" என்று தேடுபவர்கள் ஏராளம். அமைப்புப் பக்கத்தில் சிஸ்டம் மெனுவின் கீழுள்ள மவுண்ட் பாயிண்ட்ஸ் பகுதியிலும் இதையே செய்யலாம். விருப்பங்களில் நோஏடைம் சேர்த்தால், ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நேரத்தை எழுதும் வீண்வேலை குறையும். செக்_எஃப்எஸ் மதிப்பை 1 ஆக்கினால் ஏற்றும் முன் வட்டு சரிபார்க்கப்படும். பெரிய வட்டைச் சரிபார்க்க நினைவகம் நிறைய வேண்டும். 64 எம்பி ராம் உள்ள சாதனத்தில் பல டிபி வட்டை இப்படிச் சரிபார்க்க விட்டால் பாதியில் செத்துவிடும். அந்த வேலையைக் கணினியில் செய்வதே சரி.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு ஆபத்து உண்டு. வட்டு ஏறவில்லை என்று வையுங்கள். /எம்என்டி/டேட்டா என்ற ஃபோல்டர் அப்போதும் இருக்கும். வெறுமையாக, உள் ஃபிளாஷின் மீது. டோரன்ட் மென்பொருளோ நள்ளிரவில் ஓடும் நகல் ஸ்கிரிப்டோ வித்தியாசம் தெரியாமல் அதிலேயே எழுதும். சில எம்பி எழுதியதுமே ஓவர்லே நிரம்பிவிடும். அதன்பின் அமைப்பு மாற்றம் எதுவும் சேமிக்காது; சில சேவைகள் எழவே மறுக்கும். ரவுட்டரே கெட்டுவிட்டது போலத் தோன்றும். வட்டைச் சரியாகச் செருகியதும் குழப்பம் இன்னும் கூடும். உள்ளே எழுதப்பட்ட கோப்புகள் மவுண்டுக்கு அடியில் மறைந்துகொள்ளும். இடம் எங்கே போனதென்று தேடினாலும் கண்ணில் படாது. வட்டை இறக்கிவிட்டு அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால்தான் அவை தெரியும்.

தடுக்கும் வழி எளிது. வட்டில் எழுதும் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் முதல் வரியிலேயே /பிராக்/மவுண்ட்ஸ் கோப்பில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வெளியேற வேண்டும். சுழலும் வட்டு தயாராகச் சில நொடிகள் எடுக்கும். சேவைகள் அதற்கு முன்பே தொடங்கிவிடுவதால், அவற்றைத் துவக்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வட்டு ஏறிய பிறகு தொடங்கும்படி, சாதனம் செருகப்படும்போது ஓடும் ஹாட்பிளக் ஸ்கிரிப்டில் வைப்பது நல்ல ஏற்பாடு.

எக்ஸ்ட்ரூட்

பேக்கேஜ்களுக்கே இடமில்லை என்பவர்கள் ஓவர்லேயையே யூஎஸ்பிக்கு மாற்றலாம். இதற்குப் பெயர் எக்ஸ்ட்ரூட். ஃபிரெஷ்டொமேட்டோ பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் இதற்குப் பதில் என்ட்வேர் என்ற கூடுதல் பேக்கேஜ் தொகுப்பை வட்டில் /ஆப்ட் என்ற இடத்தில் நிறுவிக்கொள்கிறார்கள். எக்ஸ்ட்ரூட்டுக்கு 1 அல்லது 2 ஜிபி எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் தாராளம். அதன் யூயூஐடிக்கு ஏற்றும் இடமாக /ஓவர்லே என்று எஃப்எஸ்டேப்பில் எழுதி, இப்போதைய ஓவர்லேயின் உள்ளடக்கம் முழுவதையும் டார் கொண்டு புதிய பார்ட்டிஷனுக்கு நகலெடுத்து, மறுதொடக்கம் செய்ய வேண்டும். வரிசை முக்கியம்: அமைப்பை எழுதிய பிறகு நகல். பிறகு டிஎஃப் கட்டளையில் ஓவர்லே எஸ்டிஏ1-இன் அளவைக் காட்டினால் வெற்றி. வட்டு மெதுவாக எழுவதால் ஏறவில்லையென்றால், டிலே_ரூட் மதிப்பை 15 என்று வைத்தால் அது வரும்வரை அத்தனை நொடி காத்திருக்கும்.

பழைய உள் ஓவர்லே அழிவதில்லை. பென்டிரைவ் இல்லாமல் ரவுட்டர் எழுந்தால் அதுவே மீண்டும் மேலே வரும். எக்ஸ்ட்ரூட் குழம்பிப்போனால் வட்டைப் பிடுங்கிவிட்டு மறுதொடக்கம் செய்தாலே ரவுட்டர் கைக்கு வந்துவிடும் என்பது இதன் பெரிய நிம்மதி. ஆனால் உள்ளே இருப்பது நகலெடுத்த நாளன்று இருந்த அமைப்பு. நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் அதன்பின் வைத்திருந்தால், பென்டிரைவைப் பிடுங்கும் எவருக்கும் கடவுச்சொல் இல்லாத ரவுட்டர் திறந்து கிடைக்கும். கடவுச்சொற்களை முதலில் வையுங்கள், நகலெடுப்பது அப்புறம்.

சுழலும் ஹார்டுடிஸ்கில் எக்ஸ்ட்ரூட் வைக்காதீர்கள். வட்டு ஓய்வெடுக்கவே முடியாது. தரவுக்காக அதைக் கழற்றினால் இயங்கும் சிஸ்டமே காலடியில் போய்விடும்.

பகிர்வு

வட்டு ஏறிவிட்டால் மீதி எளிது. விண்டோஸ் கணினிகளுக்கு இரண்டு தேர்வுகள்: சாம்பா4, கேஎஸ்எம்பிடி. பின்னது கர்னலுக்குள் ஓடுவது. இடமும் நினைவகமும் மிகக் குறைவாக எடுக்கும். சிறிய ரவுட்டருக்கு அதுதான் சரி. பழைய ஃபர்ம்வேர்களில் இருக்கும் சாம்பா 3.6-ஐ நம்ப வேண்டாம். அவற்றில் அது பெரும்பாலும் பேசும் பழைய பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி1, விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் இயல்பாக நிறுவப்படுவதே இல்லை. ரவுட்டருக்காக அதைக் கணினியில் திரும்ப இயக்குவது, 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீம்பொருள் நுழைந்த அதே கதவைத் திறப்பதாகும்.

கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வும் இப்போது தொல்லைதான். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு எஸ்எம்பி கையொப்பத்தை (செய்திகள் வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்வது) கட்டாயமாக்கிவிட்டது. விருந்தினர் இணைப்பில் கையொப்பம் சாத்தியமில்லை. ஆகவே தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, சிஸ்டத்திலும் பகிர்வு மென்பொருளிலும் அதே பெயரில் சேர்த்துக் கடவுச்சொல் கொடுங்கள். ரூட் பயனரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். சாம்பாவின் அமைப்பு வார்ப்புரு அவரை இயல்பாகவே மறுக்கும். உள்ளே போக முடிகிறது, ஆனால் எழுத முடியவில்லை என்றால், புதிதாக வடிவமைத்த எக்ஸ்ட்4-இன் மேல் ஃபோல்டர் ரூட்டுக்கு மட்டுமே எழுத அனுமதிப்பதுதான் காரணம். உள்ளே ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதன் உரிமையை அந்தப் பயனருக்கு மாற்றினால் சரியாகும். விண்டோஸின் நெட்வொர்க் பகுதியில் ரவுட்டரின் பெயர் தெரியாவிட்டால் டபிள்யூஎஸ்டிடி2 நிறுவுங்கள். அது இல்லாமலும் முகவரிப் பட்டியில் ஐபி எண்ணைத் தட்டினால் திறக்கும். இந்தப் பகிர்வு நடக்கும் 445 போர்ட்டை இணையப் பக்கம் ஒருபோதும் திறக்காதீர்கள். வெளியிலிருந்து கோப்பு வேண்டுமென்றால் வயர்கார்டு விபிஎன் வழியாக உள்ளே வந்து எடுக்கலாம்.

வேகமும் வைஃபையும்

வேகத்தை எந்த உறுப்பு மட்டுப்படுத்துகிறது என்று தெரிந்துகொண்டு எதிர்பார்ப்பது நல்லது. ரவுட்டரின் ஈத்தர்நெட் துளை 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 11 அல்லது 12 எம்பிக்கு மேல் எந்த வட்டாலும் தர முடியாது. கிகாபிட் துளையில் உச்சம் சுமார் 110 எம்பி. நடைமுறையில் பெரும்பாலும் பிராசஸர்தான் முதலில் திணறும். நகலெடுக்கும்போது டாப் கட்டளையைப் பாருங்கள். ஓய்வு சதவீதம் பூஜ்யத்தைத் தொட்டால் வட்டை மாற்றிப் பயனில்லை.

யூஎஸ்பி 3.0 வட்டைச் செருகியதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறுவது கற்பனையல்ல. 5 ஜிபிபிஎஸ் வேகத்தில் ஓடும் அந்தச் சிக்னலின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் பரவுகிறது என்று 2012-இலேயே இன்டெல் அளந்து வெளியிட்டது. நன்றாகக் கவசமிட்ட கேபிளைப் போட்டு, வட்டை ஆன்டெனாவிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். அப்படியும் தீரவில்லையென்றால் 2.0 கேபிளில் இணைத்துவிடலாம். பிராசஸரே தடையாக இருக்கும் ரவுட்டரில் இதனால் இழப்பு கொஞ்சம்தான்.

3.0 பெட்டிகளில் இன்னொரு தனிக் கோளாறு உண்டு. யூஏஎஸ் என்ற வேகமான முறையைச் சில சாட்டா மாற்றுச் சில்லுகள் சரியாகக் கையாள்வதில்லை. மின்சாரம் போதுமான அளவு இருந்தும், சுமை ஏறும்போது மட்டும் யூஏஎஸ் எனும் சொல்லோடு ரீசெட் வரிகள் வந்தால் காரணம் இதுவே. கேமாட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ்-யூஏஎஸ் பேக்கேஜை நீக்கினால் வட்டு பழைய முறையில் ஓடும். சற்று மெதுவாக, ஆனால் அறுபடாமல்.

கழற்றுவதும் மேம்படுத்துவதும்

வட்டைக் கழற்றும் முன் யூமவுண்ட் கொடுங்கள். "பிஸி" என்று மறுத்தால் ஏதோ ஒரு சேவை கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் பகிர்வுச் சேவையை நிறுத்தினால் விடுபடும். நீங்கள் நிற்கும் ஷெல்லே அந்த ஃபோல்டருக்குள் இருந்தாலும் இதே மறுப்புதான் வரும்.

ஃபர்ம்வேர் மேம்படுத்தும்போது தரவு வட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் கழற்றி வைத்துவிட்டுச் செய்வதே நல்லது. நீங்கள் நிறுவிய கேமாட்களும் பிளாக்-மவுண்டும் புதிய இமேஜில் இல்லையென்றால் எஃப்எஸ்டேப் அமைப்பு தப்பிப் பிழைத்தும் வட்டு ஏறாது. அவற்றை உள்ளடக்கிய இமேஜையே கட்டிப் போட்டால் இந்த வேலை மிச்சம். எக்ஸ்ட்ரூட் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. பழைய ஓவர்லே எந்த அடிப்பகுதிக்கு உரியது என்பது அதன் எட்சி ஃபோல்டருக்குள் .எக்ஸ்ட்ரூட்-யூயூஐடி என்ற கோப்பில் பதிவாகியிருக்கும். புதிய இமேஜின் அடையாளம் அதோடு ஒத்துப்போகாததால் எக்ஸ்ட்ரூட் ஏறாமல் நின்றுவிடும். அந்தக் கோப்பை அழித்துவிட்டால் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஓவர்லேயில் கிடப்பவை பழைய கர்னலின் மாட்யூல்கள். புதிய கர்னலில் அவை ஏறாமல், இயங்கிக்கொண்டிருந்த வைஃபையும் நின்றுபோக வாய்ப்புண்டு. மேம்படுத்தும் முன் அமைப்புகளின் பிரதியையும் நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலையும் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேம்படுத்திய பின் அந்தப் பார்ட்டிஷனைப் புதிதாக வடிவமைத்து, எக்ஸ்ட்ரூட்டை முதலிலிருந்து அமைத்து, பட்டியலில் உள்ளவற்றைத் திரும்ப நிறுவுங்கள்.